தங்கவயல் சயனைடு மேடுகள்: வழிந்தோடும் மழைநீருக்குப் பொறுப்பேற்பது யார்?

கோலார் தங்கவயல்: கர்நாடக மாநிலம் கோலார் தங்கவயலில், மூடப்பட்ட தங்கச் சுரங்கங்களின் கழிவு மேடுகளிலிருந்து மீண்டும் தங்கம் பிரித்தெடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு மாநில அமைச்சரவை 2024 ஜூன் மாதம் இசைவு தெரிவித்தது. பொதுத்துறை நிறுவனமான பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட்டுக்குச் சொந்தமான 1,003.4 ஏக்கரில் பரவியுள்ள 13 மேடுகள் இத்திட்டத்தில் அடங்கும். வேலைவாய்ப்பு, தங்கத்தின் மதிப்பு, அரசுக்குக் கிடைக்கும் வருவாய் ஆகியவை இது குறித்த விவாதங்களில் முதன்மை இடம் பெற்றுள்ளன. அம்மேடுகளின் மீது பெய்யும் மழை எங்கே செல்கிறது, அதற்குச் சட்டப்படி யார் பொறுப்பு என்ற கேள்வி பின்னுக்குத் தள்ளப்பட்டுள்ளது.

இயங்கும் சுரங்கம் வெளியேற்றும் தண்ணீருக்கு இந்தியச் சட்டத்தில் அளவுகோல் உண்டு, பொறுப்பாளரும் உண்டு. மூடப்பட்ட சுரங்கத்தின் கழிவு மேட்டிலிருந்து மழையோடு கரைந்து வரும் சேற்றுக்கு இவ்விரண்டும் தெளிவாக வரையறுக்கப்படவில்லை. கழிவு மேடுகளை ஏலம் விடும் நடவடிக்கை, இந்த இடைவெளியை நிரப்புவதற்கான அரிய வாய்ப்பாக அமைந்துள்ளது. அந்த வாய்ப்பு தவறினால், பழைய சிக்கல் புதிய வடிவில் மேலும் பல ஆண்டுகள் தொடரக்கூடும்.

மேடுகள் உருவான வரலாறு

தங்கவயலில் 1880-களில் பிரிட்டனின் ஜான் டெய்லர் நிறுவனம் நவீன முறையில் சுரங்கப் பணியைத் தொடங்கியது. வட ஆற்காடு, சேலம், தருமபுரி, சித்தூர் பகுதிகளிலிருந்து வந்த தொழிலாளர்கள் அங்கு குடியேறினர். இன்றும் தமிழ் பேசுவோர் பெருமளவில் வாழும் நகரமாகத் தங்கவயல் விளங்குகிறது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டி, உலகின் ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாகப் பெயர் பெற்றது. 1956-இல் மைசூர் மாநில அரசும், 1962-இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உருவாக்கப்பட்டது. தாதுவில் தங்கத்தின் அளவு குறைந்து, செலவு வருவாயை விஞ்சியதால் 2001 பிப்ரவரி 28 அன்று பணிகள் முற்றிலும் நிறுத்தப்பட்டன. 120 ஆண்டுகளில் ஏறக்குறைய 800 டன் தங்கம் இங்கிருந்து எடுக்கப்பட்டதாகக் கணக்கிடப்பட்டுள்ளது.

அந்தத் தங்கத்துக்காக உடைக்கப்பட்ட பாறையே இன்று மேடுகளாக நிற்கிறது. ஆழத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தாது மாவு போல அரைக்கப்பட்டு, சோடியம் சயனைடு கரைசலில் ஊறவைக்கப்படும். தங்கம் கரைசலுக்குள் சென்றபின் எஞ்சும் நுண்மணல் குழம்பாக வெளியே கொட்டப்படும். மக்கள் வழக்கில் இவை 'சயனைடு மேடுகள்' எனப்படுகின்றன. இவற்றில் சுமார் 3.3 கோடி டன் கழிவு உள்ளதாக மதிப்பிடப்படுகிறது.

ஆபத்து எதில் உள்ளது?

பெயரைக் கேட்டதும் எழும் அச்சம் சயனைடைப் பற்றியது. ஆனால் வெயிலிலும் காற்றிலும் நெடுநாள் கிடக்கும் கழிவில், மேற்பரப்பிலுள்ள சயனைடின் பெரும்பகுதி காலப்போக்கில் சிதைந்துவிடும். நீண்டகாலப் பாதிப்பு வேறு பொருள்களிலிருந்து வருகிறது. நுண்மணல், உப்புகள், தாதுவோடு இயற்கையாகக் கலந்திருந்த ஆர்சனிக் உள்ளிட்ட தனிமங்கள் ஆகியவை காலத்தால் அழிவதில்லை. தங்கவயலின் சில தாதுப் படிவங்களில் ஆர்சனிக்கும் கந்தகமும் கலந்த கனிமங்கள் உள்ளன என்பது புவியியலாளர்கள் அறிந்த உண்மை.

செடிகொடிகள் எளிதில் வேர்பிடிக்காத இம்மேடுகளில், மழை பெய்யும்போது சரிவுகளில் ஆழமான ஓடைகள் அறுபடுகின்றன. அவ்வழியே இறங்கும் சேறு தாழ்வான நிலங்களிலும் வயல்களிலும் நீரோடைகளிலும் படிகிறது. காற்று பலமாக வீசும் மாதங்களில் அதே நுண்மணல் தூசாகக் கிளம்பிக் குடியிருப்புகளை மூடுகிறது. சுரங்கத் தொழிலாளர்களின் பழைய 'லைன்' வீடுகள் பல, இம்மேடுகளை அடுத்தே அமைந்துள்ளன.

நீரின் அளவை ஓர் எளிய கணக்கால் உணரலாம். 1,003.4 ஏக்கர் என்பது சுமார் 406 ஹெக்டேர். அப்பரப்பின் மீது ஒரே ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் ஏறக்குறைய 4 கோடி லிட்டர். அதில் ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கும். எஞ்சியது கிடைத்த சரிவில் வழிந்தோடும். குழாய் வழியாக வெளியேறும் ஆலைக் கழிவுநீரைப் போல இதை ஓரிடத்தில் நின்று அளந்துவிட முடியாது. மழைநீர் வழியாகப் பரவும் சுரங்க மாசைக் கட்டுப்படுத்துவதில் உலகெங்கும் உள்ள அடிப்படைச் சிக்கல் இதுவே.

சட்டத்தின் மூன்று இடைவெளிகள்

நீர் மாசு தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 1974-இல் நிறைவேறியது. நச்சுப் பொருள்களோ மாசுபடுத்தும் பொருள்களோ நீரோடையிலும் கிணற்றிலும் நிலத்திலும் சேர்வதற்கு அறிந்தே இடமளிப்பதை அதன் 24-ஆவது பிரிவு தடை செய்கிறது. எனவே சட்டமே இல்லை என்று கூற முடியாது. ஆனால் அன்றாடக் கண்காணிப்பு இயங்குவது இசைவாணை முறையின் வழியாகத்தான். ஓர் ஆலையோ சுரங்கமோ கழிவுநீரை வெளியேற்ற மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் இசைவாணை பெற வேண்டும். அதில் விதிக்கப்படும் அளவுகள் சோதிக்கப்படும். உற்பத்தி நின்றுபோன இடத்தில் இந்த முறை வலுவிழந்துவிடுகிறது. இது முதல் இடைவெளி.

நிலக்கரிச் சுரங்கங்களுடன் ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். அவற்றுக்கு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2000-ஆம் ஆண்டில் தனி அளவுகளை அறிவித்தது. வெளியேற்றும் நீரில் மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு மிகக் கூடாது. அமில காரத்தன்மை 5.5 முதல் 9-க்குள் இருக்க வேண்டும். தனி அளவு வகுக்கப்படாத தொழில்களுக்குப் பொது அளவுகள் பொருந்தும். அவற்றின்படி உள்நாட்டு நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீரில் சயனைடும் ஆர்சனிக்கும் தலா 0.2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இவ்வளவுகள் அனைத்தும் வெளியேற்றுபவர் ஒருவர் இருக்கிறார் என்ற அடிப்படையில் எழுதப்பட்டவை.

இரண்டாவது இடைவெளி காலத்தால் நேர்ந்தது. சுரங்கத்தை மூடும்போது நிலத்தையும் நீரையும் சீரமைப்பதற்கான திட்டமும், அதற்கான நிதி உத்தரவாதமும் கட்டாயம் என்ற விதிகள் நிலக்கரி அல்லாத கனிமங்களுக்கு 2003 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தன. தங்கவயல் சுரங்கங்கள் அதற்கு ஈராண்டுகள் முன்பே மூடப்பட்டுவிட்டன. நாட்டின் மிகப் பழமையான நவீனச் சுரங்கங்களுள் ஒன்று, மூடல் திட்டம் என்ற ஏற்பாடு வருவதற்கு முன்பே கைவிடப்பட்டது.

மூன்றாவது இடைவெளி அண்மையது. மாசடைந்த இடங்களைக் கண்டறிந்து சீரமைப்பதற்கான விதிகளை மத்திய அரசு 2025 ஜூலை மாதம் வெளியிட்டது. மாசடைந்ததாக ஐயத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் பட்டியலிட வேண்டும், மாநில வாரியம் குறித்த காலத்துக்குள் ஆய்வு செய்ய வேண்டும், மாசுபடுத்தியவரிடமே செலவைப் பெற வேண்டும் என அவை வகுத்துள்ளன. நாடு நெடுங்காலம் எதிர்பார்த்த ஏற்பாடு இது. ஆனால் கதிரியக்கக் கழிவு, கடலில் எண்ணெய்க் கசிவு, குப்பைக் கிடங்கு ஆகியவற்றோடு சுரங்கப் பணிகளால் ஏற்படும் மாசும் இவ்விதிகளின் வரம்பிலிருந்து பொதுவாக விலக்கப்பட்டுள்ளது. பிற மாசுப் பொருள்கள் கலந்து அளவு மீறும் நிலைகளில் மட்டுமே விதிகள் பொருந்தும். சுரங்கங்களுக்கெனத் தனிச் சட்டங்கள் இருப்பதே விலக்குக்கான அடிப்படை. அந்தத் தனிச் சட்டங்களின் மூடல் விதிகள் வருமுன்பே மூடப்பட்ட தங்கவயல், இரு ஏற்பாடுகளுக்கும் நடுவே நிற்கிறது.

உரிமையாளர் அறியப்படாதவர் அல்லர்

உலகின் பல நாடுகளில் கைவிடப்பட்ட சுரங்கங்களுக்கு உரிமையாளரைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. நிறுவனங்கள் திவாலாகியிருக்கும் அல்லது பதிவேடுகளே இருக்காது. தங்கவயலில் அந்தத் தடை இல்லை. மேடுகளின் உரிமையாளர் மத்திய சுரங்க அமைச்சகத்தின் கீழுள்ள பொதுத்துறை நிறுவனம். அதனிடம் உற்பத்தியோ வருவாயோ இல்லை என்பது உண்மை. எனினும் அதன் பின்னால் நிற்பது அரசே.

மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் இந்தியச் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது. பாலாற்றை மாசுபடுத்திய தோல் பதனிடும் ஆலைகள் தொடர்பான வழக்கு அது. அதே ஆற்றின் மாசு குறித்து 2025 ஜனவரியில் வழங்கிய தீர்ப்பில், சூழலுக்கு நேர்ந்த கேடு சீராகும் வரை மாசுபடுத்தியவரின் பொறுப்பு நீடிக்கும் என நீதிமன்றம் மேலும் தெளிவுபடுத்தியது. நந்தி மலைப் பகுதியில் தோன்றும் பாலாறு, தங்கவயலுக்கு அருகிலுள்ள பேத்தமங்கலத்தைக் கடந்து ஆந்திரம் வழியாகத் தமிழ்நாட்டை அடைகிறது. தங்கவயலுக்குக் குடிநீர் வழங்க ஆங்கிலேயர் காலத்தில் ஏற்பாடு செய்யப்பட்டதும் பேத்தமங்கலத்தில்தான். தனியார் தோல் ஆலைகளுக்குப் பொருந்திய கோட்பாடு அரசு நிறுவனத்தின் கழிவு மேட்டுக்குப் பொருந்தாது என வாதிடுவது கடினம்.

தண்ணீரின் அருமையும் இங்கு கருதத்தக்கது. ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு கோலார் மாவட்டத்தில் இல்லை. நிலத்தடி நீர்மட்டம் மிகவும் தாழ்ந்துபோனதால், பெங்களூருவின் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரைக் குழாய் வழியே கொண்டுவந்து ஏரிகளை நிரப்பும் திட்டம் 2018-இல் தொடங்கப்பட்டது. நகரத்தின் கழிவுநீரைச் சுத்திகரித்து ஏரிகளில் சேர்க்கும் மாவட்டம், தன் மண்ணில் பெய்யும் மழை சேறாகி ஓடைகளில் படிவதைப் பொருட்படுத்தாமல் இருக்க இயலாது.

பிற நாடுகளின் பாடம்

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் 1972 பிப்ரவரி 26 அன்று, பலத்த மழைக்குப் பின் நிலக்கரிக் கழிவுத் தேக்கம் உடைந்து பஃபலோ கிரீக் பள்ளத்தாக்கில் 125 பேர் உயிரிழந்தனர். அதன் பிறகு 1977-இல் இயற்றப்பட்ட நிலக்கரிச் சுரங்கச் சட்டம் இரு ஏற்பாடுகளைச் செய்தது. புதிய சுரங்கங்கள் சீரமைப்புக்கான பிணைத்தொகையை முன்கூட்டியே செலுத்த வேண்டும். சட்டத்துக்கு முன்பே கைவிடப்பட்ட சுரங்கங்களைச் சீரமைக்க, புதிதாக வெட்டப்படும் ஒவ்வொரு டன் நிலக்கரிக்கும் கட்டணம் வசூலிக்கப்படும். பின்னர் தூய நீர்ச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட மழைநீர் விதிகள், கழிவின் மீது பட்டு ஓடும் மழைநீருக்கு இயங்கும் சுரங்கமும் இயங்காத சுரங்கமும் அனுமதி பெற வேண்டும் என்றன. பத்தாண்டுகளுக்கு ஒருமுறை பெய்யக்கூடிய 24 மணி நேர மழை என்ற அளவையும் அந்நாட்டின் நிலக்கரி விதிகள் பயன்படுத்துகின்றன. எவ்வளவு மழை வரை சுரங்கம் பொறுப்பேற்க வேண்டும் என்பது இதனால் எழுத்தில் தெளிவாகிறது.

ருமேனியாவின் பாயா மாரே நகரில் 2000 ஜனவரி 30 அன்று நேர்ந்த விபத்து தங்கவயலுக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு. பழைய கழிவுகளிலிருந்து மீண்டும் தங்கம் பிரிக்கும் ஆலையின் கழிவுத் தேக்கம் மழையாலும் உருகிய பனியாலும் நிரம்பி உடைந்தது. சயனைடு கலந்த சுமார் ஒரு லட்சம் கன மீட்டர் நீர் திசா ஆற்றில் பாய்ந்து டான்யூப் வரை சென்றது. ஹங்கேரியில் மீன்கள் பெருமளவில் மடிந்தன. பழைய கழிவைத் தூய்மைப்படுத்தும் முயற்சியாகவும் முன்வைக்கப்பட்ட திட்டமே அண்டை நாடுகளின் ஆறுகளுக்குக் கேடாக முடிந்தது.

தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரைச் சுற்றியுள்ள தங்கக் கழிவு மேடுகள் பல ஆண்டுகளாக மறுசுத்திகரிப்புக்கு உட்படுத்தப்படுகின்றன. அழுத்த நீரைப் பீய்ச்சி மேடு குழம்பாக்கப்பட்டு, குழாய் வழியே ஆலைக்கு அனுப்பப்படுகிறது. குடியிருப்புகளை ஒட்டிய மேடுகள் அகற்றப்படுவது நகருக்கு நன்மையே. ஆனால் தங்கம் பிரித்தபின் அந்தக் குழம்பு வேறோர் இடத்தில் மீண்டும் தேக்கப்பட வேண்டியுள்ளது.

ஒரு டன்னுக்கு ஆறு ரூபாய்

தங்கவயலிலும் இதே நிலைதான் ஏற்படும். மேடுகளில் ஒரு டன் கழிவுக்கு ஏறக்குறைய ஒரு கிராமோ அதற்கும் குறைவாகவோ தங்கம் எஞ்சியிருப்பதாக மதிப்பிடப்படுகிறது. முழுத் தங்கத்தையும் எடுத்தாலும் 3.3 கோடி டன் கழிவு ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஆண்டுக்கணக்கில் இறுகிக் கிடந்த மணல் கிளறப்பட்டு, புதிதாகச் சயனைடு சேர்க்கப்பட்டு, மீண்டும் ஈரக் குழம்பாக வெளியே வரும். அதன் மீதும் மழை பெய்யும்.

இதற்கு இன்றைய விதிகள் ஒதுக்கும் நிதி எவ்வளவு? சுரங்கக் குத்தகைதாரர் செலுத்த வேண்டிய மூடல் உத்தரவாதம், முழு இயந்திரமயமான பெரிய சுரங்கங்களை உள்ளடக்கிய 'ஏ' பிரிவுக்கு 2021 திருத்தத்தின்படி ஹெக்டேருக்கு 5 லட்சம் ரூபாய். 406 ஹெக்டேருக்கும் அதே அளவைக் கொண்டால் மொத்தம் சுமார் 20 கோடி ரூபாய். இதை 3.3 கோடி டன்னுக்குப் பகிர்ந்தால் டன்னுக்கு ஏறக்குறைய ஆறு ரூபாய். அந்த ஒரு டன்னிலிருந்து கிடைக்கக்கூடிய ஒரு கிராம் தங்கத்தின் விலையோ பல ஆயிரம் ரூபாய். பரப்பளவை மட்டும் கணக்கிட்டு, கழிவின் கொள்ளளவையும் உயரத்தையும் கருதாத அளவுகோல் தங்கவயல் போன்ற இடத்துக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை.

ஏல நிபந்தனைகளில் இடம்பெற வேண்டியவை

சுரங்கங்கள் மூடப்பட்டது முதல் தங்கவயல் மக்கள் மறுதிறப்பை எதிர்பார்த்துக் காத்திருக்கின்றனர். உலகளாவிய ஒப்பந்தப்புள்ளி கோர 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அனுமதித்தபோது எழுந்த நம்பிக்கை நிறைவேறவில்லை. இன்றும் ஆயிரக்கணக்கானோர் மாரிகுப்பத்திலிருந்து புறப்படும் ரயில்களில் நாள்தோறும் பெங்களூரு சென்று வேலை செய்து திரும்புகின்றனர். இச்சூழலில் திட்டமே வேண்டாம் என்பது அவர்களது கோரிக்கையாக இருக்க இயலாது. மேடுகள் இப்படியே கிடப்பதும் தீர்வாகாது. முறையாகச் செய்யப்படும் மறுசுத்திகரிப்பு, 120 ஆண்டுக் கழிவைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றுவதற்கான செலவைத் தானே ஈட்டித் தரக்கூடும். அதற்கான நிபந்தனைகள் ஏலத்துக்கு முன்பே எழுதப்படுகின்றனவா என்பதைப் பொறுத்தே அது அமையும்.

முதலாவதாக, பணி தொடங்குமுன் சுற்றுவட்டாரக் கிணறுகள், ஏரிகள், ஓடைகள், மண் ஆகியவற்றின் தன்மையை ஆய்வு செய்து முடிவுகளைக் கன்னடத்திலும் தமிழிலும் வெளியிட வேண்டும். இந்த அடிப்படைப் பதிவு இல்லையெனில், பின்னாளில் காணப்படும் மாசு பழையதா புதியதா என்ற வாதத்திலேயே ஆண்டுகள் கழியும்.

இரண்டாவதாக, ஏலத்துக்குக் காத்திராமல் ஒவ்வொரு மேட்டின் அடியிலும் சுற்று வடிகால்களையும் வண்டல் படியும் குட்டைகளையும் இப்போதைய உரிமையாளரே அமைக்க வேண்டும். மேட்டுக்கு வெளியே பெய்யும் தூய மழைநீர் கழிவுடன் கலக்காமல் திருப்பிவிடப்படுவதும், மேட்டிலிருந்து இறங்கும் நீர் தெளிந்த பின்னரே வெளியேறுவதும் எளிய பொறியியல் பணிகளே. எத்தகைய மழையைத் தாங்கும் அளவில் அவை கட்டப்பட வேண்டும் என்பதும் இசைவாணையில் எண்ணால் குறிக்கப்பட வேண்டும்.

மூன்றாவதாக, புதிய கழிவு எங்கே, எத்தகைய அடித்தளத்தின் மீது சேமிக்கப்படும் என்பது ஏல ஆவணத்திலேயே முடிவாக வேண்டும். உத்தரவாதத் தொகை கழிவின் எடையோடு இணைக்கப்பட வேண்டும். பணி முடிந்த பிறகும் குறிப்பிட்ட ஆண்டுகள் வரை கண்காணிப்புச் செலவு ஏலம் எடுத்தவரைச் சார வேண்டும்.

நான்காவதாக, குத்தகையால் மாவட்டக் கனிம அறக்கட்டளைக்கு வரும் நிதியில் ஒரு பங்கு, மேடுகளை ஒட்டிய குடியிருப்புகளின் குடிநீருக்கும் தூசுத் தடுப்புக்கும் ஒதுக்கப்பட வேண்டும். குடிநீரும் மாசுக் கட்டுப்பாடும் அந்நிதியின் முன்னுரிமைப் பணிகள் என விதிகளே கூறுகின்றன. கர்நாடகம், ஆந்திரம், தமிழ்நாடு ஆகிய மூன்று மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களும் பாலாற்றின் நீர்த்தரத் தரவுகளைப் பகிர்ந்துகொள்வதும் தேவை.

இவை அனைத்துக்கும் புதிய சட்டம் தேவையில்லை. இசைவாணை நிபந்தனைகள், சுற்றுச்சூழல் அனுமதி, ஏல ஒப்பந்தம் ஆகிய மூன்றும் அரசின் கையில் உள்ளவை. 2003-க்கு முன் மூடப்பட்ட சுரங்கங்களைச் சீரமைப்பதற்கும், மாசடைந்த இடங்கள் விதிகளிலுள்ள சுரங்க விலக்கை மறு ஆய்வு செய்வதற்கும் மட்டுமே விதித் திருத்தம் வேண்டும்.

ஏலத்துக்கு முன் மேடுகளுக்கு உரிமையாளர் மத்திய அரசின் நிறுவனம். கண்காணிக்க வேண்டியது மாநில வாரியம். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு, நிபந்தனையில் எழுதப்படாத எந்தப் பொறுப்பையும் வாங்கியவர் மீது சுமத்துவது எளிதன்று. தங்கவயலின் அடுத்த தலைமுறை எத்தகைய தண்ணீரைக் குடிக்கும் என்பது பெரும்பாலும் அந்த ஆவணத்தின் வாசகங்களிலேயே முடிவாகவிருக்கிறது.